போட்டனை எண்ணிய கம்பி: சத்திச்சொட்டு ஒளியியலில் நனோக்கம்பிக் கருவிகளின் வரலாறு

தோற்றுவாய்

விஞ்ஞான வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கொள்கைகளின் வரலாற்றை எழுதுவதோடு அமைந்துவிடுகின்றனர். கொள்கை முன்னே செல்ல, கருவி ஏவலாளைப்போல அதன் பின்னே வருவதாகவே அவர்தம் நூல்கள் காட்டுகின்றன. ஒளியின் இயல்பு பற்றிய வரலாறும் இவ்வாறே எழுதப்பட்டு வந்துள்ளது. பிளாங்கு, ஐன்ஸ்டைன், போர் ஆகியோரின் பெயர்கள் அங்கு நிறைந்திருக்கும். ஒளியை எண்ணிய கருவியின் பெயரோ அடிக்குறிப்பிலேனும் இடம்பெறுதல் அரிது. இப்போக்குக் குறையுடையது என்பதனை ஒரு சிறு கருவியின் வரலாறு கொண்டு காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் எடுத்துக்கொண்ட கருவி நனோக்கம்பி. ஒரு நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரொன்றின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அகலம் ஏறத்தாழ நூறு நனோமீற்றரும் தடிப்பு ஐந்து நனோமீற்றரும் கொண்ட ஒரு பட்டி, மனிதத் தலைமயிரின் குறுக்களவில் பல நூற்றில் ஒரு பங்கு அகலமே உடையது. இத்தகைய பட்டி ஒன்று, போட்டன் எனப்படும் தனியோர் ஒளித்துணிக்கையின் வரவை உணர்ந்து கூற வல்லதாயிற்று. பின்னர் அதுவும் அதனையொத்த வேறொரு கம்பியும் சிலிக்கன் சிப்பொன்றின்மேல் ஒளிச்சுற்றுகளோடு ஒன்றாய் இணைக்கப்பட்டன. குவாண்டம் என உலகம் வழங்குவதனை எமது பாடநூல்கள் சத்திச்சொட்டு என வழங்கி வந்துள்ளமையால், இத்துறையை ஒருங்கிணைந்த சத்திச்சொட்டு ஒளியியல் என்று நாம் குறிப்பிடுவோம்.

இவ்வரலாற்றைச் செலுத்திய விசை எது? ஆற்றலைப் பெருக்கும் விருப்பமன்று. இழப்பைக் குறைக்க வேண்டிய தேவையே என்பது எமது கருத்து. எண்ணப்படாமற்போன போட்டன்கள் எழுப்பிய ஐயங்களே இத்துறையைப் படிப்படியாக வளர்த்தன. இதனைப் பின்வரும் பகுதிகளில் நிறுவ முயல்வோம்.

துணிக்கையும் எண்ணும் கருவியும்

1900 ஆம் ஆண்டு மாக்ஸ் பிளாங்கு வெப்பக் கதிர்வீசலை விளக்குதற்பொருட்டுச் சத்தியானது சிறு சொட்டுகளாகவே பரிமாறப்படுகின்றது எனக் கொண்டார். 1905 இல் ஐன்ஸ்டைன் ஒருபடி மேலே சென்று ஒளியே சொட்டுகளாலானது என்றார். 1924 இல் டாக்காப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த சத்தியேந்திரநாத் போஸ், இச்சொட்டுகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடியாதவை எனக் கொண்டு அவற்றை எண்ணும் புதிய முறையை வகுத்தார். 1926 இல் கில்பேட் லூயிஸ் என்பார் பயன்படுத்திய 'போட்டன்' என்னும் சொல் நிலைபெற்றது. கொள்கையளவில் போட்டன்களை எண்ணும் கலை இவ்வாறு விரைவில் முதிர்ச்சியடைந்தது.

கருவியளவில் நிலைமை வேறு. 1930களில் ஒளிமின் பெருக்கிக் குழாய் உருவாயிற்று. போட்டனொன்று உலோகப் பரப்பினின்று இலத்திரனொன்றை விடுவிக்க, அவ்விலத்திரன் அடுத்தடுத்த தகடுகளில் மோதி இலத்திரன்களைப் பெருக்கி, இறுதியில் அளக்கத்தக்க துடிப்பொன்றைத் தரும். பின்னர் குறைகடத்தியாலான உணரிகள் வந்தன. கட்புலனாகும் ஒளிக்குச் சிலிக்கன் உணரிகள் நன்கு பயன்பட்டன. ஆயின் தொலைத்தொடர்புக்குரிய ஒளி நார்களில் இழப்பு மிகக் குறைந்த அலைநீளம் 1550 நனோமீற்றரை அண்மியதாகும். அவ்வலைநீளத்துக்குரிய போட்டனின் சத்தி சிலிக்கனில் இலத்திரனை எழுப்பப் போதாது. மாற்றாகக் கொள்ளப்பட்ட இந்தியம் காலியம் ஆசனைட்டு உணரிகள் வந்த போட்டன்களுட் பெரும்பாலானவற்றைத் தவறவிட்டன; வராத போட்டன்களை வந்தனவாகவும் பொய்யாக எண்ணின. நெடுந்தூரம் செல்லத்தக்க ஒளி எதுவோ அதனை எண்ணவே தக்க கருவி இல்லாதிருந்தது.

குளிரின் வழி

இக்குறையை நீக்கிய கருவி ஒளியியலாளரின் ஆய்வுகூடத்திற் பிறந்ததன்று. அதன் வேர்கள் குளிர்ப் பௌதிகத்தில் உள்ளன. நெதர்லாந்தின் லெய்டன் நகரில் 1908 ஆம் ஆண்டு ஈலியத்தைத் திரவமாக்கிய காமர்லிங் ஒனெஸ், 1911 இல் இரசத்தின் மின்தடை ஏறத்தாழ 4.2 கெல்வின் வெப்பநிலையில் திடீரென மறைந்துபோவதைக் கண்டார். இதுவே மீக்கடத்தல். இந்நிலை வியப்புக்குரியதாயினும் மிக நொய்தானது. வெப்பநிலையோ காந்தமண்டலமோ செல்லும் மின்னோட்டமோ ஓர் அவதியைக் கடப்பின் அது குலைந்துவிடும். அக்குலைவைத் தடுப்பதே நெடுங்காலம் பொறியியலாளரின் கவலையாயிருந்தது.

குலைவையே பயன்படுத்தலாம் எனச் சிந்தித்தோர் சிலரே. அவருள் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் அன்ட்ரூஸ் முன்னோடியாவார். மீக்கடத்தும் நிலைக்கும் சாதாரண நிலைக்கும் இடைப்பட்ட விளிம்பில் ஒரு பொருளை நிறுத்தி வைப்பின், மிகச் சிறு வெப்பமும் அதன் தடையைப் பெரிதும் மாற்றும். இத்தத்துவத்தைக் கொண்டு அவர் வெப்பமானி அமைத்தார். 1949 இல் அவரும் உடனாய்வாளரும் நயோபியம் நைத்திரைட்டுப் பட்டியொன்றில் அல்பாத் துணிக்கைகள் தனித்தனியே துடிப்புகளை ஏற்படுத்துவதை அறிவித்தனர். அச்சேர்வையின் மீக்கடத்தல் 1941 இல் ஜேர்மனியில் அறியப்பட்டிருந்தது. ஏறத்தாழ 16 கெல்வின் வரை அது மீக்கடத்தியாய் இருக்கும். அரை நூற்றாண்டின் பின் எமது வரலாற்றின் நாயகமாக விளங்கப்போவதும் இச்சேர்வையே.

1957 இல் பாடீன், கூப்பர், சிறீபர் ஆகிய மூவரும் மீக்கடத்தலுக்குரிய கொள்கையை வகுத்தனர். இலத்திரன்கள் இணை இணையாகப் பிணைந்து செல்வதே தடையின்மைக்குக் காரணமென்பது அதன் சாரம். அப்பிணைப்பு மிக மெலிதானது. 1550 நனோமீற்றர் ஒளியின் போட்டன் ஒன்று கொண்டுள்ள சத்தி, நயோபியம் நைத்திரைட்டில் ஓரிணையைப் பிரிக்க வேண்டிய சத்தியினும் நூறு மடங்குக்கு மேற்பட்டது. எனவே ஒரு போட்டன் பல நூறு இலத்திரன்களைக் குழப்பத்திற்குள்ளாக்க வல்லது. 1971 இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டெஸ்ராடி, லேசர் ஒளி மெல்லிய படலத்தின் மீக்கடத்தலை அழிப்பதைக் காட்டினார். 1996 இல் அலன் கடின், மார்க் ஜோன்சன் என்னும் இருவரும் தனிப் போட்டனொன்று மெல்லிய படலத்தில் ஒரு வெப்பப் பொட்டை ஏற்படுத்தும் என்றும், அதனை உணரியாகக் கொள்ளலாம் என்றும் முன்மொழிந்தனர்.

மொஸ்கோவில் ஒரு கல்வி நிறுவனம்

முன்மொழிவு கருவியாக உருவானது மொஸ்கோ அரசாங்கக் கல்வியியற் பல்கலைக்கழகத்திலேயே. ஆசிரியர்களை உருவாக்குதற்கென நிறுவப்பட்ட நிறுவனம் அது. அங்கு கேர்சென்சன், கிறிகோறி கோல்ற்ஸ்மான் முதலியோர் 1980களிலிருந்தே மிக மெல்லிய நயோபியம் நைத்திரைட்டுப் படலங்களை ஆராய்ந்து வந்தனர். அவர்களின் நோக்கம் போட்டன்களை எண்ணுவதன்று. வானொலி வானியலுக்குப் பயன்படும் அதிவிரைவு உணரிகளை அமைத்தலே அவர்கள் மேற்கொண்ட பணி. சில நனோமீற்றர் தடிப்புள்ள படலத்தை எங்கும் ஒரே தன்மையதாய்ப் படியவைக்கும் கைத்திறன் அப்பணியிலேயே முதிர்ந்தது.

2001 ஆம் ஆண்டு கோல்ற்ஸ்மான் குழுவினர் அமெரிக்காவின் றொசெஸ்ரர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றோமன் சொபொலெவ்ஸ்கி முதலியோருடன் இணைந்து தமது முடிவை வெளியிட்டனர். கருவியின் தொழிற்பாடு எளிது. ஏறத்தாழ ஐந்து நனோமீற்றர் தடிப்பும் இருநூறு நனோமீற்றர் அகலமும் கொண்ட பட்டியொன்று திரவ ஈலிய வெப்பநிலையில் வைக்கப்படும். அவதியளவினின்றும் சற்றே குறைந்த மின்னோட்டம் அதனூடே செலுத்தப்படும். போட்டனொன்று உறிஞ்சப்படும் இடத்தில் மீக்கடத்தல் குலையும். அவ்விடத்தைத் தவிர்த்து இருபுறமும் நெருங்கிச் செல்லும் ஓட்டம் அங்கும் அவதியைக் கடக்கும். கணப்பொழுதில் பட்டியின் முழுக் குறுக்கும் தடையுடையதாகி மின் துடிப்பொன்று வெளிப்படும். ஓட்டம் வெளிச்சுற்றுக்குத் திரும்பியதும் பட்டி குளிர்ந்து, சில நனோசெக்கனில் அடுத்த போட்டனுக்குக் காத்து நிற்கும்.

துடிப்பைத் தந்தது ஒரு போட்டனா பலவா என்பதை எவ்வாறு அறிவது? ஆய்வாளர் கையாண்ட நியாயம் பாராட்டத்தக்கது. 810 நனோமீற்றர் லேசர்த் துடிப்புகளைப் படிப்படியாக மங்கச் செய்து, துடிப்பொன்றிலுள்ள சராசரிப் போட்டன் தொகை ஒன்றினும் மிகக் குறையுமாறு ஆக்கினர். கருவி எண்ணும் நிகழ்தகவு ஒளிச்செறிவுக்கு நேர்விகிதத்தில் மாறின், ஒரு போட்டனே போதுமென்பது தெளிவு. செறிவின் வர்க்கத்துக்கேற்ப மாறின், இரு போட்டன்கள் வேண்டும் என்பது தெளிவு. தக்க ஓட்டத்தில் நேர்விகிதமே கிடைத்தது.

ஈண்டு இரு செய்திகள் நோக்கற்பாலன. முதலாவது, நெடுங்காலமாக மீக்கடத்தியின் குறையெனக் கருதப்பட்ட நொய்மையே இக்கருவியின் ஆற்றலாக மாறியமை. இரண்டாவது, கருவி தொழிற்பட்ட பின்னரும் அதற்குரிய விளக்கம் முற்றுப்பெறாமை. வெப்பப் பொட்டு விளக்கம் எல்லா அலைநீளங்களுக்கும் பொருந்தவில்லை. பட்டியின் குறுக்கே கடக்கும் காந்தச் சுழிகளின் பங்கினையும் கொள்ள வேண்டும் எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. கொள்கை முன்னும் கருவி பின்னும் என்ற வாய்பாடு இங்கு தலைகீழாதல் காண்க.

தொடக்கக் கருவியின் பெருங்குறை அதன் சிறுமையே. ஒரு சிறு பட்டியின்மேல் விழும் ஒளி மிகச் சிலவே. எனவே உழவன் சாலின் முடிவில் ஏரைத் திருப்பி அடுத்த சாலை உழுவதுபோல, நூறு நனோமீற்றர்க் கம்பியை முன்னும் பின்னுமாக மடித்துச் சிறு சதுரமொன்றை நிரப்பினர். 2006 இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தார் அதன்மேல் ஒளியைத் திருப்பித் தெறிக்கும் அமைப்பொன்றைச் சேர்த்து, 1550 நனோமீற்றரில் 57 வீத வினைத்திறன் பெற்றனர். 2007 இல் யப்பானிய, அமெரிக்க ஆய்வாளர் இத்தகைய உணரிகளைக் கொண்டு 200 கிலோமீற்றர் ஒளி நாரினூடே இரகசியத் திறவுகோலைப் பகிர்ந்துகாட்டினர். 2013 இல் அமெரிக்கத் தேசிய நியம தொழினுட்ப நிறுவனத்தாரும் உடனாய்வாளரும் தங்குதன் சிலிசைட்டுக் கம்பியால் 93 வீதத்தை எட்டினர். பளிங்குருவற்ற அப்பொருள் எங்கும் ஒருதன்மையது. ஆயின் மேலும் கடுங்குளிரை வேண்டுவது. 2020 இல் வினைத்திறன் 98 வீதமாயிற்று.

எண்ணப்படாதவை எழுப்பிய வினா

ஐம்பத்தேழுக்கும் தொண்ணூற்று மூன்றுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பொறியியலாளரின் கணக்கு மட்டும்தானா எனச் சிலர் வினவக்கூடும். அன்று என்பதே எமது விடை. இயற்கையைப்பற்றிய அடிப்படை வழக்கொன்று அவ்வேறுபாட்டிலேயே தங்கியிருந்தது.

1935 இல் ஐன்ஸ்டைனும் பொடொல்ஸ்கியும் றோசனும், சத்திச்சொட்டுப் பொறியியல் உண்மையை முழுமையாக விவரிக்கின்றதா என்ற ஐயத்தை எழுப்பினர். பின்னிப் பிணைந்த இரு துணிக்கைகளுள் ஒன்றை அளந்ததும், தொலைவிலுள்ள மற்றையதன் அளவீட்டு முடிவு உடனே உறுதியாகின்றது. அவை முன்னரே ஏதோ மறைந்த குறிப்புகளைத் தம்முடன் கொண்டு சென்றனவா? 1964 இல் ஜோன் பெல் இவ்வழக்கைப் பரிசோதனைக்கு உட்படுத்தும் வழியைக் கண்டார். மறைந்த குறிப்புகள் உளவாயின், இரு புறத்து முடிவுகளுக்குமிடையேயான ஒப்பு ஓர் எல்லையைக் கடத்தல் இயலாது. 1972 இல் பிரீட்மன், கிளோசர் ஆகியோரும், 1980களின் தொடக்கத்தில் பாரிசை அடுத்த ஓர்சேயில் அலன் அஸ்பேயும் அவ்வெல்லை மீறப்படுவதைக் கண்டனர்.

வழக்கு அத்துடன் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, ஏனெனில் அக்காலத்து உணரிகள் பிறந்த போட்டன்களுள் மிகச் சிலவற்றையே எண்ணின. எண்ணப்பட்டவை எண்ணப்படாதவற்றுக்கும் சான்றாகும் என்ற நம்பிக்கையின்மேலேயே முடிவு நின்றது. ஓரூரில் நூறு குடிகளுள் ஐந்து குடிகள் வந்து தந்த வாக்கைக்கொண்டு ஊரின் கருத்து இதுவெனத் துணிதல்போன்றது அது. வராதவர் வராமைக்கே ஒரு காரணம் இருப்பின் என்செய்வது? 1970 இலேயே பிலிப் பேர்ல் இத்தப்புவழியைச் சுட்டிக்காட்டியிருந்தார். 1993 இல் எபர்காட், மொத்த வினைத்திறன் மூன்றில் இரண்டு பங்கைக் கடப்பின் அந்நம்பிக்கையின் துணையின்றியே வழக்கைத் தீர்க்கலாமெனக் காட்டினார்.

மூன்றில் இரண்டு என்பது உணரிக்கு மட்டுமன்றி, போட்டன் பிறந்த இடத்திலிருந்து எண்ணப்படும் இடம்வரை உள்ள வழி முழுவதற்கும் உரிய அளவு. 2015 இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் நிகழ்ந்த பரிசோதனையில் 180 மீற்றருக்கு மேற்பட்ட தொலைவிலுள்ள இரு நிலையங்களிலும் தங்குதன் சிலிசைட்டு நனோக்கம்பி உணரிகள் பொருத்தப்பட்டன. மொத்த வினைத்திறன் ஏறத்தாழ 75 வீதம். எண்ணாமையாலும் அண்மையாலும் எழும் தப்புவழிகள் ஒருங்கே அடைபட்ட நிலையிலும் பெல்லின் எல்லை மீறப்பட்டது. அதே ஆண்டில் வியன்னாவில் வேறுவகை மீக்கடத்தி உணரிகளாலும், நெதர்லாந்தின் டெல்வ்ற் நகரில் வைரக்கற்களுள் அடங்கிய இலத்திரன்களாலும் இம்முடிவே பெறப்பட்டது. ஆதலின் நனோக்கம்பி ஒன்றே வழக்கைத் தீர்த்ததெனக் கூறுதல் மிகையாகும். எனினும் எண்பதாண்டு வழக்கின் தீர்ப்பில் அதற்கு உரிய பங்கினை மறுத்தலும் இயலாது. 2022 இல் அஸ்பே, கிளோசர், சைலிங்கர் ஆகியோருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டபோது உலகம் கொள்கையின் வெற்றியைப் பேசியது. வராதவரையும் எண்ணவைத்த கம்பியைப் பேசியோர் சிலர்.

இழப்பின் கணக்கும் ஒருங்கிணைப்பும்

கோல்ற்ஸ்மானின் கட்டுரை வெளிவந்த அதே 2001 இல் நில், லபிளாம், மில்பேர்ன் என்னும் மூவர் மற்றொரு முடிவை வெளியிட்டனர். தனிப் போட்டன்களைத் தரும் மூலங்கள், ஆடிகளும் ஒளிபிரிப்பான்களும், எண்ணும் உணரிகள் ஆகிய இவற்றைக் கொண்டே சத்திச்சொட்டுக் கணினியை அமைத்தல் கொள்கையளவில் இயலும் என்பது அம்முடிவு. உணரி இங்கு இறுதியில் நின்று பார்க்கும் சாட்சி அன்று. அதன் எண்ணிக்கையே அடுத்த படியைத் தீர்மானிக்கும். கணிக்கும் கருவியின் உறுப்பாகவே உணரி மாறிவிட்டது.

அங்கு இழப்பின் கணக்கு கொடியது. இருபது போட்டன்கள் ஒருங்கே எண்ணப்பட வேண்டும் எனக் கொள்வோம். ஒவ்வொன்றும் தப்பி வந்து எண்ணப்படும் வாய்ப்பு 50 வீதமாயின், இருபதும் எண்ணப்படும் வாய்ப்பு ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒன்று. 90 வீதமாயின் ஏறத்தாழ எட்டில் ஒன்று. 98 வீதமாயின் மூன்றில் இரண்டு. போட்டன் ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்துக்குக் கடக்கும் ஒவ்வொரு வாயிலிலும் சுங்கம் அறவிடப்படுகின்றது. ஆகவே வாயில்களின் தொகையைக் குறைத்தலே வழி. மூலமும் சுற்றும் உணரியும் ஒரே சிப்பில் அமையவேண்டும் என்ற எண்ணம் இவ்வாறு எழுந்தது.

ஒளிச்சுற்றுகளைத் தகடொன்றின்மேல் அமைக்கலாம் என்ற கருத்து 1969 இல் பெல் ஆய்வுகூடத்தின் ஸ்ருவட் மில்லரால் ஒருங்கிணைந்த ஒளியியல் என்னும் பெயருடன் முன்வைக்கப்பட்டது. 2008 இல் பிறிஸ்ரல் பல்கலைக்கழகத்தார் சிலிக்கன் தகட்டின்மேல் சிலிக்கா அலைவழிகாட்டிகளை அமைத்து, சத்திச்சொட்டுத் தருக்கப் படலையொன்றைத் தொழிற்படுத்தினர். ஆயின் போட்டன்கள் வெளியிலிருந்தே சிப்பினுள் வந்தன. வெளியே சென்ற பின்னரே எண்ணப்பட்டன. அவ்வீட்டுக்கு அறைகள் இருந்தன. அடுப்பும் கிணறும் வெளியே இருந்தன.

2011 இல் நெதர்லாந்தின் அயின்தோவன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர் காலியம் ஆசனைட்டு அலைவழிகாட்டியின் முதுகிலேயே நயோபியம் நைத்திரைட்டுக் கம்பியை அமைத்து, ஏறத்தாழ 20 வீத வினைத்திறனைப் பெற்றனர். 2012 இல் யேல் பல்கலைக்கழகத்தில் பேர்னிசே, ஹொங் ராங் முதலியோர் சிலிக்கன் அலைவழிகாட்டியில் 91 வீதத்தை எட்டினர். கோல்ற்ஸ்மானும் அக்கட்டுரையின் ஆசிரியருள் ஒருவர். இவ்வேறுபாட்டின் காரணம் நுட்பமானது. முன்னைய உணரிகளில் ஒளி கம்பிக்குச் செங்குத்தாக வந்து ஐந்து நனோமீற்றரைக் கடந்து சென்றுவிடும். அலைவழிகாட்டியிலோ ஒளியின் ஒரு பகுதி அதன் எல்லைக்கு வெளியேயும் மெல்லிதாய்ப் பரந்து நிற்கும். மேலே படிந்துள்ள கம்பியோடு உடன்சென்று சிறிது சிறிதாக உறிஞ்சப்படுவதால், சில பத்து மைக்குரோமீற்றர் நீளமே போதும். கம்பி குறுகியதால் அதன் தூண்டுதிறன் குறைந்தது. எனவே கருவி விரைவாக மீண்டது. வினைத்திறனும் விரைவும் ஒன்றுக்கொன்று பகையென்றிருந்த நிலை இவ்வாறு மாறியது.

எனினும் இக்கம்பிகளை வரைதல் எளிதன்று. மிகச் சிறு வழுவும் ஓட்டத்தை நெருக்கிக் கருவியைப் பயனற்றதாக்கும். பத்து உணரிகள் வேண்டிய சிப்பில் ஒன்று பழுதாயினும் முழுச் சிப்பும் வீணாகும். 2015 இல் மசாசூசெற்ஸ் ஆய்வாளர் ஒரு வழி கண்டனர். உணரிகளை மெல்லிய தனிப் படலங்களில் அமைத்து, சோதித்து, நல்லனவற்றை மட்டும் தெரிந்தெடுத்துச் சிப்பின்மேல் பொருத்தினர். பத்து உணரிகளும் பழுதின்றி அமைந்தன. விதைநெல்லைப் புடைத்தெடுத்து விதைக்கும் முறையே இது.

பிறப்பிக்கும் கம்பி

இதுவரை எண்ணும் கம்பியைப் பேசினோம். போட்டனைப் பிறப்பிக்கும் கம்பியும் ஒன்றுண்டு. அது வேறொரு குலத்தைச் சேர்ந்தது. 1964 இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த வாக்னர், எலிஸ் என்போர், தங்கத் துளியொன்றின் அடியில் சிலிக்கன் மெல்லிய தூணாக வளர்வதை விளக்கினர். இம்முறை பின்னர் குறைகடத்தி நனோக்கம்பிகளை வளர்க்கும் வழியாயிற்று. அத்தகைய தூணினுள் சத்திச்சொட்டுப் புள்ளி எனப்படும் நுண்ணிய தீவொன்றை அடக்கின், அது தூண்டப்படும்தோறும் ஒரு போட்டனை வெளியிடும். தூணின் வடிவம் அப்போட்டனை ஒரே திசையில் வழிப்படுத்தும். 2010 இல் கிறெனோபிள் ஆய்வாளர் செதுக்கியெடுத்த காலியம் ஆசனைட்டுத் தூண்களாலும், 2012 இல் டெல்வ்ற் ஆய்வாளர் வளர்த்தெடுத்த இந்தியம் பொசுபைட்டுத் தூண்களாலும் செறிவுமிக்க தனிப்போட்டன் மூலங்களை அமைத்தனர்.

2016 இல் டெல்வ்ற் நகரிலும் சுவீடனிலும் பணியாற்றிய குழுவினர், நன்கு தொழிற்பட்ட தூண்களை நுண்முனைகொண்டு பெயர்த்தெடுத்து, தகட்டில் கிடத்தி, அவற்றைச் சூழ அலைவழிகாட்டியை அமைத்தனர். பிறப்பிக்கும் கம்பியும் எண்ணும் கம்பியும் ஒரே சிப்பில் சந்திக்கும் காலம் நெருங்கிற்று.

ஆயின் இவை ஒரே கூரையின் கீழ் வாழ்வதில் முரண்பாடுகள் உள. மூலத்தைத் தூண்டும் லேசர் ஒளி, தனிப் போட்டனிலும் பல கோடி மடங்கு செறிந்தது. அது சிப்பினுள் சிறிது சிதறினும் உணரியைக் குருடாக்கும். ஒளியின் அவத்தையை மாற்றச் சுற்றுகளில் வழக்கமாகக் கையாளப்படுவது வெப்பம்; உணரியோ வெப்பத்தின் பகை. ஒருங்கிணைப்பு என்பது பொருள்களை அருகருகே வைத்தலன்று, பகைகளைத் தணித்தலே என்பதனை இவ்வாய்வுகள் உணர்த்தின.

இதனால் ஒருங்கிணைப்பின் வெற்றியை மிகைப்படுத்துவோரையும் நாம் உடன்படுதற்கில்லை. 2020 இல் சீன விஞ்ஞான தொழினுட்பப் பல்கலைக்கழகத்தார், போசின் பெயரால் வழங்கும் போசோன் மாதிரியெடுத்தல் என்னும் கணிப்பைச் செய்துகாட்டினர். ஒரே வேளையில் 76 போட்டன்கள்வரை எண்ணப்பட்டன. நூறு நனோக்கம்பி உணரிகள் அங்கு பணியாற்றின. ஆயின் அவ்வமைப்பு சிப்பில் அடங்கியதன்று. மேசையின்மேல் விரிந்த ஆடிகளால் ஆனது. எண்ணும் கலை முதிர்ந்த பின்னரும் ஒன்றாக்கும் கலை பிற்பட்டே நின்றது. 2025 இல் அமெரிக்காவின் சைகுவாண்டம் நிறுவனத்தார் மூலங்களையும் சுற்றுகளையும் நயோபியம் நைத்திரைட்டு உணரிகளையும் ஒருங்கே கொண்ட சிப்புகளை, 300 மில்லிமீற்றர்ச் சிலிக்கன் தகடுகளில் வணிகத் தொழிற்சாலையொன்றில் உருவாக்கியமையை வெளியிட்டனர். ஆய்வுகூடத்தின் கைவினை தொழிற்சாலையின் வாயிலுக்கு வந்துள்ளது என இதனைக் கொள்ளலாம். பயன்தரு கணினி கைக்கு வந்துவிட்டதெனக் கொள்ளுதல் தவறு.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படும்.

முதலாவது, இத்துறையின் ஒவ்வொரு படியும் இழப்பொன்றை நோக்கியே எடுத்துவைக்கப்பட்டது. பட்டி மடிக்கப்பட்டதும், தெறிக்கும் அமைப்புச் சேர்க்கப்பட்டதும், கம்பி அலைவழிகாட்டியின்மேல் ஏறியதும், மூலம் சிப்பினுள் புகுந்ததும் ஒரே காரணத்தாலேயே. எத்தனை எண்ணினோம் என்பதிலும் எத்தனையை எண்ணாது விட்டோம் என்ற வினாவே ஆய்வாளரை முன்செலுத்தியது.

இரண்டாவது, கொள்கைக்கும் கருவிக்குமுள்ள உறவு ஆண்டான் அடிமை உறவன்று. பெல்லின் கொள்கை கருவிக்காக ஐம்பதாண்டு காத்திருந்தது. கருவியோ தனக்குரிய முழு விளக்கத்துக்காகக் காத்திருந்தது. இரண்டையும் இணைத்து எழுதாத வரலாறு பாதி வரலாறேயாகும்.

மூன்றாவது, எம்போன்ற சிறு நாடுகளின் பல்கலைக்கழகங்கள் சிந்திக்கவேண்டியது. இக்கருவி பிறந்தது ஆசிரியர்களைப் பயிற்றும் நிறுவனமொன்றில். பிறிதொரு நோக்கத்துக்காக, ஒரு பொருளையே பல்லாண்டு விடாது ஆராய்ந்த குழுவொன்றின் கையில். மெல்லிய படலமொன்றைப் பழுதின்றிப் படியவைக்கும் திறன் ஒரு நாளிற் பெறப்படுவதன்று, விலைக்கு வாங்கப்படுவதுமன்று. பயன் யாதென உடனே கூற முடியாத ஆய்வுக்கு ஒரு சிறு அறையையும் சில மாணவரையும் தொடர்ந்து ஒதுக்கிவைக்கும் நிறுவனமே, காலம் வரும்போது உலகின் வழக்கொன்றில் சான்று கூறும் தகுதியைப் பெறுகின்றது. எமது பல்கலைக்கழகங்களில் ஆய்வுக்கான ஒதுக்கீடு பற்றிப் பேசப்படும்போதெல்லாம் மொஸ்கோவின் அவ்வாய்வுகூடம் நினைக்கப்படுதல் நன்று.